இருபத்தெட்டு அங்குல அகலம்

தென்காசியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை வெளிமாநிலத்துக்கு அனுப்ப என்னென்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தால் வைக்கோல், சாக்கு, சணல், கோணி ஊசி என்று சொல்லியிருப்பேன். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஒரு மனுஷன் இப்படியா விவரம் கெட்டு இருப்பான் என்று கேட்காதீர்கள். இருந்திருக்கிறேன். வைக்கோல், சாக்கு எல்லாம் அப்புறம். முதலில் வேண்டியது சம்மேளனத்தின் முத்திரை.

சம்மேளனம் என்றால் ‘மேற்கெல்லைப் பொதிகட்டுநர் கூட்டுறவுச் சம்மேளனம்’. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் மஞ்சள் வர்ணமடித்த மாடிக் கட்டடம். பொதி கட்டும் தொழிலாளர்களின் நன்மைக்காக இருபத்தைந்து வருஷத்துக்கு முன் ஆரம்பித்தது. இப்போது அதில் பொதி கட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தலைவர் இருக்கிறார், செயலாளர் இருக்கிறார், மோப்ப ஆய்வாளர் இருக்கிறார். அவர்கள் முத்திரை இல்லாத பெட்டியை எந்த லாரியும் ஏற்றாது. ஏனப்பா என்று ஒரு லாரிக்காரரைக் கேட்டேன். “ஏத்தினா அதுக்கப்புறம் எங்களுக்கு லோடு தரமாட்டாங்க அண்ணாச்சி” என்றார். “இப்ப எத்தன லோடு தாராங்க?” என்று கேட்டதற்கு, “இப்பவும் தரல” என்றார்.

வண்டி என் மகள் மாஜிதாவுடையது. மாட்டு டாக்டருக்குப் படித்தவள். குஜராத்தில் பாலன்பூர் பக்கம் ஒரு பால் பண்ணையில் வேலை கிடைத்து, முன்கூட்டியே போய் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறாள். இருபத்திரண்டு கிராமம் சுற்ற வேண்டிய வேலை. ஜூலை பதினைந்தாம் தேதி சேரும்போது ஓட்டுகிற வண்டியோடு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு வேலை என்று கடிதத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

அங்கேயே ஒரு வண்டி வாங்கிக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது செங்கோட்டை ரோட்டில் ஒரு வேன் இடித்து அவளுடைய இடது கணுக்கால் நொறுங்கிப்போனது. எலும்பு சேர்ந்தது, ஆனால் பாதம் மடங்காது. காலால் கியர் போட முடியாது. ஸ்கூட்டரைப் பாலன்பூர் மணலில் ஓட்டிப் பார்த்து, பின்னால் சினை ஊசி கேனோடு இரண்டு தரம் விழுந்துவிட்டாள். இந்த வண்டியில் இலத்தூர் மெக்கானிக் சுடலைமாடன் கிளட்சை வலது கைக்கு மாற்றி, கியருக்கு இடது கை எட்டும் உயரத்தில் ஓர் இரும்புத் தண்டு வைத்துக் கொடுத்திருந்தார். உச்சியில் உருண்டையாக ஒரு பிடி. இரண்டு மாதம் அவள் உட்கார்ந்து பார்க்க, இவர் அறுக்க, மறுபடி ஒட்ட, அப்படிச் செய்தது. ஆர்.சி. புத்தகத்திலும் பதிந்தாயிற்று. நாலு வருஷமாக என் மகளுக்கு அந்தத் தண்டுதான் கால்.

அதனால் வண்டி போயாக வேண்டும். நான் கவலைப்படவில்லை. ஏனென்றால் சம்மேளனத்தின் செயலாளர் பேச்சிராஜ்.

பேச்சிராஜும் நானும் சவூதியில், தம்மாமில் பதினோரு வருஷம் ஒரே அறையில் இருந்தவர்கள். அவனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மாஜிதா பிறந்த செய்தி வந்தபோது, கேம்ப் முழுக்க அவன்தான் மிட்டாய் கொடுத்தான், நான் அழுதுகொண்டிருந்தேன். ஊருக்கு வந்த பிறகும் பெருநாளைக்கு அவன் வராமல் எங்கள் வீட்டில் பிரியாணித் தேக்சாவைத் திறந்ததில்லை. மகளுக்கு அவன் மாமா.

“நீ எதுக்கு அலையுத?” என்றான் போனில். “நான் இருக்கேம்லா. பத்து நாள்ல பெட்டி லாரியில நிக்கும்.”

என் மனைவி ரஹ்மத்துக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. “ஏங்க, அந்தச் சுடலைமாடன் அண்ணாச்சியவே கட்டச் சொல்லி, நம்மளே எதுலயாச்சும் ஏத்தி விட்டா என்ன?” என்றாள். அவளுக்கு உலகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் வீட்டிலேயே பாதி வேலையை முடித்துக் கொண்டுபோனால் நல்லதுதானே என்று சுடலைமாடனைக் கட்டச் சொன்னேன். மனுஷன் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, கண்ணாடிகளைத் துணியில் சுற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, வைக்கோலைப் புரியாக முறுக்கிச் சுற்றி, சாக்கு போட்டுத் தைத்தார். பார்த்தால் பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்த மாதிரி இருந்தது. அதை ஒரு குட்டியானையில் ஏற்றி ஜூன் பதினெட்டாம் தேதி சம்மேளனத்துக்குக் கொண்டுபோனேன்.

கதவு பூட்டியிருந்தது. ‘அனைவரும் களப்பணி’ என்று ஓர் அட்டை தொங்கியது. எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

“அண்ணாச்சி, இன்னிக்கு அருவியில தண்ணி நல்லா விழுதுலா. தடை போட்டாத்தான் ஆபீஸ் நடக்கும்.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. மெயின் அருவியில் குளிக்கலாம் என்றால் அலுவலகம் மெயின் அருவியில் இருக்கும். அங்கே வெள்ளம் வந்து தடை போட்டால் ஐந்தருவிக்குப் போகும். அங்கேயும் தடை என்றால் பழைய குற்றாலம். மூன்றிலும் ஒரே நாளில் தடை போட்டால்தான் நாற்காலிகளில் ஆள் இருக்கும். அன்றைக்கு முதல் நான் காலையில் எழுந்ததும் செய்தியில் வெள்ளப்பெருக்கு இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். ஊர் ஊராக ஜனம் குளிக்க வந்து ஏமாந்து திரும்புகிற நாளில் நான் சட்டையை மாட்டிக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்புவேன். தொழுகையில் வெள்ளம் வரக் கேட்ட ஒரே தென்காசிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

இருபதாம் தேதி அல்லாவின் கிருபையால் மூன்றிலும் தடை. தலைவர் பரமேஸ்வரன் அருவிக்கென்று தேய்த்த எண்ணெய் மணக்க உட்கார்ந்திருந்தார். சுடலைமாடன் கட்டிய பொதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“இது யாரு கட்டினது?”

“சுடலைமாடன், இலத்தூர்.”

“உறுப்பினரா?”

“இல்ல. பொதி கட்டத் தெரிஞ்சவரு.”

“நான் அதக் கேக்கல.”

பொதியைப் பிரிக்கச் சொன்னார். சம்மேளனத்துக்கென்று ஒரு பெட்டி அளவு இருக்கிறதாம். நீளம் எண்பத்திரண்டு அங்குலம், உயரம் நாற்பத்தாறு, அகலம் இருபத்தெட்டு. சைக்கிளானாலும் சரி, மோட்டார் சைக்கிளானாலும் சரி, தையல் மிஷின் ஆனாலும் அந்தப் பெட்டிதான். சாக்கையும் வைக்கோலையும் பிரித்துப்போட்டு டேப் பிடித்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அகலம் மட்டும் முப்பது. மகளின் கியர்த் தண்டு இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பேச்சிராஜைத் தனியாகக் கூட்டிப்போய், “எலே, அந்தத் தண்டுல மட்டும் ஆரும் கை வச்சிரக் கூடாது. அது அவளுக்குக் கால்” என்றேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்கிட்ட சொல்லணுமாலே? அவ எனக்கும் மகதான். பெட்டிய ரெண்டு அங்குலம் அகலமாப் போட மனு எழுதுதேன். தலைவரு எங்கிட்ட மறுப்புச் சொன்னதே கிடையாது.” என் முன்னாலேயே மனு எழுதினான். அழகான கையெழுத்து. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அடுத்தது பெட்ரோல். பொதியில் பெட்ரோல் இருக்கக் கூடாது என்பது நல்ல விதி, தீப்பிடிக்கும். டேங்க் காய்ந்துகிடக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் விதியில் கண் என்று இல்லை, மூக்கு என்று இருக்கிறது. மோப்ப ஆய்வாளர் மணிமுத்து டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மணிமுத்து சீசன் தொடங்கின நாளிலிருந்து தினமும் மூன்று வேளை அருவியில் குளிப்பவர். மூக்கு இறுக அடைத்திருந்தது.

“ஒரு வாசனையும் வரல” என்றார்.

“அப்ப பெட்ரோல் இல்லன்னு எழுதிருங்க.”

“அதெப்படி எழுத? பெட்ரோல் இல்லாம வாசனை வரலியா, மூக்கு இல்லாம வரலியா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

நியாயமான மனுஷன். ஆய்வுக்கு முன்னால் மூக்கைப் பரிசோதிக்க ஏதாவது வாசனைப் பொருள் கொண்டுவரச் சொன்னார். நான் தம்மாமிலிருந்து கொண்டுவந்த அத்தர்க் குப்பியைக் கொண்டுபோனேன். அருவி தடையான நாளெல்லாம் போய் அவர் மூக்குக்கு நேரே குப்பியை நீட்டுவேன். அவர் கண்ணை மூடி இழுப்பார். தலையை ஆட்டுவார். பதிவேட்டில் ‘மூக்கு: பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதுவார். இருபத்தொன்பதாம் தேதிதான் அவர் முகம் மலர்ந்தது.

“வருது. மல்லி மாதிரி ஒரு மணம் வருது.”

அந்தச் சந்தோஷத்தில் குப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு டேங்கின் மேல் குனிந்தார். குனிந்ததும் தும்மினார். அத்தர் முழுக்க டேங்குக்குள் போய்விட்டது.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. பெட்ரோல் வாசனையை மறைக்கும் நோக்கத்தோடு டேங்கில் வாசனைத் திரவியம் ஊற்றியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ஆய்வாளர் தும்மியதால் என்று எழுதிக் கொண்டுபோனேன். பேச்சிராஜ் படித்துவிட்டு நாக்கைக் கடித்தான்.

“அலுவலர் தும்மினாருன்னு எழுதக் கூடாதுலே. அவருக்கு பிரமோஷன் இருக்கு.”

“வேற என்னன்னு எழுத?”

அவனே எழுதிக் கொடுத்தான். ‘இயற்கைச் சீற்றத்தின் காரணமாக’ என்று இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். அவன் இல்லாவிட்டால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு ரஹ்மத்திடம் சொன்னேன்.

பெட்ரோல் இல்லை என்று சான்று வந்ததும், அடுத்த மேசையில் வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது என்பதற்குச் சான்று கேட்டார்கள். ஓடாத வண்டி பழைய இரும்புக் கணக்கில் வருமாம். ஓட்டிக் காட்ட வேண்டும்.

“பெட்ரோல் இல்லாம எப்படிங்க ஓடும்?”

தலைவர் பரமேஸ்வரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அதத்தான் நாங்களும் இருபத்தஞ்சு வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கோம்” என்றார்.

பெட்ரோல் ஊற்றி ஓட்டலாம். ஊற்றினால் மறுபடி மணிமுத்துவின் மூக்கு. நாளோ ஜூலை இரண்டு. பேச்சிராஜ்தான் வழி கண்டுபிடித்தான். வண்டியை ஐந்தருவி ரோட்டில் மேட்டுக்குக் கொண்டுபோய் வைத்து, என்னை ஏற்றி உட்காரவைத்து, பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். சாரல் முகத்தில் அடிக்க, எஞ்சின் சத்தம் இல்லாமல், அத்தர் மணத்தோடு நான் சரிவில் இறங்கினேன். அதிகாரிகள் ஜீப்பில் பின்னாலேயே வந்தார்கள். ரோட்டோரம் நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தவர்கள் ஜாரணிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சமதளம் வந்ததும் வண்டி நின்றது. அறிக்கையில் ‘வாகனம் இயங்குகிறது. எஞ்சின் சத்தம் மிகவும் குறைவு. பராமரிப்பு நன்று’ என்று எழுதியிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஒரு அவமானம். ஆனால் மகளிடம் அதைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், அதனால் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

“பேச்சி மாமாவும் தள்ளினாங்களா வாப்பா?”

“அவன்தாம்மா முதல்ல தள்ளினான்.”

நாலாம் தேதி வண்டியைப் பெட்டிக்குள் வைக்க எடுத்துக்கொண்டார்கள். நான் கூடவே நிற்கிறேன் என்றேன். பொதி கட்டும்போது உரிமையாளர் இருக்கக் கூடாதாம். உணர்ச்சிவசப்படுவார்களாம். பேச்சிராஜ் என் தோளில் கையைப் போட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டான்.

“பெட்டி அகலம்?” என்றேன்.

“நான் பாத்துக்கிடுதேன்.”

அதற்குப் பிறகு நாலு நாள் அவன் போனை எடுக்கவில்லை. அருவியில் நல்ல தண்ணீர், குளித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். கெட்டதாக நினைக்கவே தோன்றவில்லை. பதினோரு வருஷம் ஒரு சட்டியில் சாப்பிட்டவனைப் பற்றி எப்படித் தோன்றும்?

ஒன்பதாம் தேதி அழைப்பிதழ் வந்தது. ஆர்ட் பேப்பரில், தங்க எழுத்தில். சம்மேளனத்தின் வெள்ளி விழா. என்னுடைய பொதி சிறந்த பொதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது, பத்தாம் தேதி பகல் பதினோரு மணிக்கு என்னை மேடையில் கௌரவிக்கிறார்கள். கீழே பேச்சிராஜ் கைப்பட எழுதியிருந்தான்: ‘வெள்ளைச் சட்டை போட்டுட்டு வா.’

சரி, கொடியசைத்து லாரியை அனுப்பப்போகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். பத்தாம் தேதி ஏற்றினால் பதினாலாம் தேதி பாலன்பூர். ஒரு நாள் மிச்சம்கூட இருக்கிறது. மகளுக்குப் போன் போட்டேன். விழாவைச் சம்மேளனத்தின் பக்கத்தில் நேரலையாகக் காட்டுவார்கள் என்று சொன்னேன். விடுதித் தோழிகளை எல்லாம் கூப்பிட்டு வைத்துப் பார்க்கிறேன் என்றாள்.

பந்தலுக்குள் நுழைந்ததும் பெட்டியைப் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேங்கைப் பலகை, பட்டை போட்ட மூலை, ஆணித் தலை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. மேலே ரோஜா மாலை. முன்னால் குத்துவிளக்கு. லாரியைத்தான் காணவில்லை. பின்னால் வரும் என்று மேடையில் போய் உட்கார்ந்தேன். பேச்சிராஜ் என் பக்கத்து நாற்காலி. என் கையைப் பிடித்து அழுத்தினான். அவன் கை வேர்த்திருந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவர் பேச எழுந்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே. இருபத்தைந்து ஆண்டுகளில் நமது சம்மேளனம் கட்டிய பொதிகளில் ஒன்றுகூட வழியில் சேதமானதில்லை. வெளியூர்க்காரர்கள் எல்லாம் கேட்கிறார்கள், இது எப்படி சாத்தியம் என்று. ரகசியம் ஒன்றுமில்லை. நாம் அவசரப்பட்டு அனுப்புவதில்லை. அனுப்பினால்தானே சேதமாகும்? முந்தின வருஷம் நாலு பொதி அனுப்பினோம். போன வருஷம் மூன்று. இந்த வருஷம் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. சேதத்துக்கான வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.”

கைதட்டினார்கள். நானும் ஒன்றிரண்டு தட்டு தட்டிவிட்டேன். அது பழக்கம்.

“இந்தப் பெட்டிக்கு வருவோம். இதில் ஒரு சோதனை வந்தது. வாகனத்தின் இடது பக்கம் ஓர் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அகலம் முப்பது அங்குலம். பெட்டியை அகலமாகப் போடச் சொல்லி ஒரு மனு வந்தது. மனு கொடுத்தவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்குத் தண்டின் மேல் பற்று. ஆனால் ஒரு பெட்டியை அகலப்படுத்தினால் நாளைக்கு இன்னொருவர் நீளத்தைக் கேட்பார். சாமானுக்குத் தக்க மாதிரி வளைந்துகொடுத்தால் அதற்குப் பெயர் பெட்டியா? சாக்கு. நாம் சாக்கு இல்லை. ஆகவே கமிட்டி கூடியது, தீர்மானம் போட்டது, தண்டு அறுக்கப்பட்டது. இன்றைக்கு அகலம் இருபத்தெட்டு. நூலிழை பிசகில்லை.”

அவர் பேசுவது தொடர்ந்து கேட்டது, ஆனால் தூரத்தில் எங்கேயோ கேட்டது.

“இந்த இடத்தில் நமது செயலாளரைப் பாராட்டியே ஆக வேண்டும். உரிமையாளர் சார்பில் சம்மதக் கடிதம் கொடுத்தது அவர். தண்டை அறுக்க வெளியாள் வந்தபோது, இது என் சிநேகிதன் மகளின் வண்டி, வேறு ஒருத்தர் கை படக் கூடாது என்று சொல்லி, ஆக்ஸா பிளேடைத் தானே வாங்கித் தன் கையால் அறுத்தார். இப்படிப்பட்ட நட்பை இந்தக் காலத்தில் எங்கே பார்க்கிறோம்? இனி இந்தப் பெட்டி ஒரு தனிமனிதரின் சொத்து அல்ல. மாதிரிப் பெட்டியாக ஓராண்டு காலம், ஓர் ஆணிகூடப் பிடுங்கப்படாமல், நமது கூடத்தில் இருக்கும்.”

அதன் பிறகு எனக்கு நினைவுப் பரிசு கொடுத்தார்கள். தேக்குப் பலகையில் சிவப்பு வெல்வெட் ஒட்டி, அதன் மேல் அறுத்த தண்டைத் தங்க வர்ணம் அடித்து நிறுத்தியிருந்தார்கள். உச்சியில் அந்த உருண்டைப் பிடி. அவள் உள்ளங்கை பட்டுப்பட்டு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, வர்ணத்துக்கு மேலும் தெரிந்தது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. பேச்சிராஜும் தட்டினான்.

நான் அவன் பக்கம் திரும்பினேன். “நீயாலே அறுத்த?”

அவன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முகத்தை மாற்றாமலே, “வேற ஆளு அறுத்தா கோணலாப் போயிரும்லா” என்றான்.

“அது எதுக்குன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்லே. தெரிஞ்சதுனாலதான் ரெண்டு நாளு சோறு இறங்கல. மூணாம் நாளுதான் அறுத்தேன்.”

“அந்த மனு?”

“அத நாந்தான் வாபஸ் வாங்கினேன். பெட்டி அகலமாப் போட்டா சிறந்த பொதிப் பரிசு இல்லன்னுட்டாரு தலைவரு. பரிசு இல்லன்னா எனக்குப் பதவி நீட்டிப்பு இல்ல. இப்ப மூணு வருஷம் குடுத்திருக்காங்க.” என் பொன்னாடையைச் சரிசெய்தபடியே சொன்னான், “நீ எனக்காக இது செய்ய மாட்டியா ஜப்பாரு? கேட்டிருந்தா செஞ்சிருப்ப. அதான் கேக்காமலே விட்டுட்டேன்.”

அந்தப் பலகையால் அவன் மண்டையில் ஒன்று போட்டிருக்கலாம். போடவில்லை. அவனிடம் கோபப்படக்கூட எனக்குத் தெரியவில்லை, அதற்குப் பழக்கம் இல்லை. சட்டைப் பையில் போன் அடித்தது. மகள்.

“வாப்பா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அங்கன உக்காந்திருக்காதீங்க. எறங்கி வாங்க.”

“வாறேம்மா.”

அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பின்னால் தோழிகள் யாரும் பேசும் சத்தம் இல்லை.

“வாப்பா, இங்க சவுண்டு விட்டு விட்டு வந்துச்சு. செயலாளர்தான் அறுத்தாருன்னு தலைவரு சொன்னது நெசமா? பேச்சி மாமாவா?”

பேச்சிராஜுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்து இல்லை என்று சொல்லும்படி தலையை ஆட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பதினோரு வருஷத்தில் அவனுக்காக நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், சூப்பர்வைசரிடம், அவன் வீட்டுக்காரியிடம். இன்னும் ஒன்று சொல்வது பெரிய காரியமில்லை. வாய்வரை வந்துவிட்டது. ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அவன் கையில் கொடுத்தேன்.

“நீயே சொல்லு” என்றேன்.

அவன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தலைவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சிராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மாஜிதா, இதுல தனிநபர் முடிவுன்னு எதுவும் கிடையாதும்மா. கமிட்டி கூடி, முறைப்படி தீர்மானம் போட்டு, அதன் அடிப்படையில மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கை. உனக்கு இதுல ஏதாச்சும் குறை இருந்துச்சுன்னா, எழுத்து மூலமா குடுத்தா, அடுத்த கூட்டத்துல பரிசீலிப்போம்.”

கட் ஆகிவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். ஆகவில்லை.

“சரிங்க சார்” என்றாள். வைத்துவிட்டாள்.

பேச்சிராஜ் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னை யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி, “எலே ஜப்பாரு, என்னையப் போயி சார்ங்குதாலே” என்றான்.